நோயும் நாணமும்

பலர் பார்க்கத் தடுமாறி நடக்க நேர்ந்த ஒருவர், அந்தப் பார்வைகளுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறார். அவருடைய நாணம் அடக்கம் என்னும் நற்குணத்தைச் சேர்ந்ததா, அன்றிச் செருக்கின் மறுவடிவமா? ஒடுங்கியவரைப் ‘பாவம், அமைதியானவர்’ என்றும், ஒடுங்காமல் வெளியே வருபவரைத் ‘துணிச்சல்காரர்’ என்றும் பேசி நாம் பழகிவிட்டோம். அப்பேச்சு நம் அறநூல்களின் நோக்குக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பொதுப்படப் பேசினால் இவ்வினா காற்றோடு போய்விடும். ஆகவே, நான் அருகிருந்து கண்ட ஒரு நோயை முன்வைத்தே பேசுகிறேன்.

ஆங்கில மருத்துவத்தில் அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அரசு அறிவிப்புகளில் தண்டுவட மரப்பு நோய் என்று குறிக்கிறார்கள். இப்பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. தண்டுவடத்தோடு மூளையும் கண்ணுக்குச் செல்லும் நரம்பும் இந்நோய்க்கு இலக்காகின்றன. அனல்மின் நிலையத்துக்கு அருகில் வாழும் எங்கள் மீஞ்சூர்ப் பிள்ளைகளுக்கு மின்கம்பியைக் காட்டியே இதனை விளக்கிவிடலாம். வீட்டுச் சுவரில் ஓடும் செப்புக் கம்பிக்கு மேல் ஓர் உறை இருக்கிறது. உறை கிழிந்தால் மின்சாரம் வழியில் கசியும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகச் சேராது. நம் நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி அவ்வுறையை அரித்துவிடுவதுதான் இந்நோய். அரிக்கப்பட்ட இடங்கள் ஆங்காங்கே தழும்பேறி இறுகிவிடுகின்றன. பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ, 1868-ஆம் ஆண்டில் அத்தழும்புகளையும் நோயாளிகளிடம் கண்ட அறிகுறிகளையும் இணைத்து இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார்.

பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி உலகில் 28 லட்சம் பேர் இதனோடு வாழ்ந்தார்கள். குளிர்நாடுகளில் மிகுதி; நம் நாட்டில் குறைவு. குறைவாக இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. சர்க்கரை நோய் என்றால் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். இந்நோயின் பெயரைச் சொன்னால் கேட்டவர் ஒரு கணம் வாய்மூடி, பின்பு குரலைத் தாழ்த்தி, ‘ஒட்டுமா?’ என்று கேட்கிறார். ஒட்டாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. அத்தகைய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இது வருவதில்லை. முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் 1993-இல் இண்டர்பெரான் ஊசிமருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது முதலாக, நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. அவற்றுள் மூன்றை உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மருத்துவம் பற்றி இவ்வளவு போதும். மற்றதை மருத்துவர் சொல்லட்டும்.

நான் சொல்ல வந்தது இந்நோய் தரும் நாணத்தைப் பற்றி. அது இருமுனைக் கத்தி போன்றது. நோயின் ஒரு பகுதி வெளியே தெரிகிறது; மற்றொரு பகுதி தெரிவதேயில்லை. கால் பின்னுவதும், நாக்குக் குழறுவதும், கைப்பொருள் நழுவுவதும் தெரிகின்றன. பட்டப்பகலில் சாலையில் தள்ளாடும் ஒருவரைக் கண்டால் உலகம் முதலில் எண்ணுவது குடியைத்தான். புலால் மட்டுமன்றித் தேனையும் விலக்கி வாழும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், அப்படிப்பட்ட பார்வைக்கு ஆளாவதை எண்ணிப் பாருங்கள். வெளியே தெரியாத பகுதியோ இன்னும் கொடியது. எலும்பையே உருக்குவது போன்ற களைப்பு, உள்ளங்காலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, அடக்க முடியாமல் வரும் சிறுநீர் அவசரம். இவற்றைச் சொன்னால், ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்ற மறுமொழி வருகிறது. தெரிகிற நோய்க்காக நாணுகிறவர், தெரியாத நோய்க்காகப் பொய்யர் என்ற பழிக்கும் நாண வேண்டியிருக்கிறது.

பொன்னேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் என்னிடம் ஆறாம் வகுப்புப் பயின்ற பெண் ஒருத்தி இந்நோயோடு வாழ்கிறாள். நம் சமூகத்தைச் சேர்ந்தவள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் வேலை. மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, அங்கு இறங்கி, மீண்டும் மாலையில் திரும்புவாள். முப்பத்து மூன்றாம் வயதில் ஒரு கண் சில வாரங்கள் மங்கித் தெளிந்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறந்துவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. சென்னையில் ஸ்கேன் எடுத்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. அலுவலகத்தில் மூட்டுவலி என்று சொல்லி வைத்தாள். கைத்தடி வாங்கிக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். வாங்கினாள், இரண்டு ஆண்டுகள் அது கதவுக்குப் பின்னாலேயே சாய்ந்திருந்தது.

ஒருநாள் அவள் என்னிடம், “டீச்சர், கால் தடுமாறுவதுகூடப் பெரிதில்லை. தடுமாறியவுடனே, யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேனே, அதுதான் என்னைக் களைப்பாக்கிவிடுகிறது” என்றாள்.

“அப்படித் திரும்பும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா அம்மா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்து, “பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒருவரும் பார்க்கவில்லை, டீச்சர்” என்றாள்.

அந்த எட்டுத் தடவையைப் பற்றித்தான் நான் பல நாள் சிந்தித்தேன். ஒருவரும் பாராதபோது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

இதற்கு விடை போன்ற ஒரு செய்தியை மருத்துவ வரலாற்றில் காண்கிறோம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே என்பவர், இந்நோய்க்குப் பெயர் வருமுன்பே இதனோடு வாழ்ந்து 1848-இல் மறைந்தவர். தம் நோயின் போக்கை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அது 1822-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. தந்தையைப் போல் தாம் நேசித்த உறவினர் ஒருவரைக் காணச் சென்றவர், அவர் இறந்துவிட்டதை அங்கே போய்த்தான் அறிந்தார். இறுதிச் சடங்கில் பலர் கூடியிருந்ததால், அழுதுவிடக் கூடாது என்று கடுமையாகப் போராடினார். ஆயினும் அழுகை வந்துவிட்டது. அதன்பின் சிறிது காலத்தில் கண் மங்கி, கடிதங்களைப் பிறர் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று என்று எழுதுகிறார். அழுகையை அடக்கியதால் நோய் வந்ததென்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் கொள்ள வேண்டாம். நான் காண்பது வேறு. கால் தளர்வதற்கும் கண் மங்குவதற்கும் முன்பே, கூட்டத்தின் பார்வை அவர் மனத்தில் குடியேறி இருந்தது. அன்பினால் வந்த கண்ணீருக்கே நாணிய மனம், பின்னர் வந்த தடியையும் சக்கர நாற்காலியையும் எப்படி ஏற்றிருக்கும்? நோய் வந்து நாணத்தை உண்டாக்கவில்லை. முன்பே இருந்த நாணத்துக்கு நோய் ஒரு தொழிலைக் கொடுத்தது.

நம் ஆகமங்கள் இம்மனநிலையைப் பெயரிட்டே பேசியிருக்கின்றன. மோகநீய வினையின் பிரிவாகிய ஒன்பது நோகஷாயங்களுள் ஜுகுப்ஸை என்பது ஒன்று. அருவருப்பு என்று நாம் தமிழில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் அதற்குத் தரும் விளக்கம் நின்று கவனிக்கத்தக்கது. எவ்வினையின் உதயத்தால் ஒருவர் தம் குறையை மூடி மறைக்கவும் பிறர் குறையை வெளிப்படுத்தவும் தூண்டப்படுகிறாரோ, அதுவே ஜுகுப்ஸை என்கிறார். கதவுக்குப் பின்னால் கைத்தடியை மறைத்து வைப்பதும், ரயில் பெட்டியில் முழங்கையால் இடித்து ‘அதோ பார்’ என்று காட்டுவதும் இரண்டு வேறு செயல்கள் அல்ல. ஒரே வினையின் இரு கைகள். நாணுகிறவரும் நகைக்கிறவரும் ஒரே மரத்தின் கனியைத்தான் உண்கிறார்கள். இதனை உணர்ந்தபோது, நாணத்தை அடக்கத்தோடு சேர்த்துப் பேசும் நம் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பது எனக்கு விளங்கிற்று.

செருக்கோடு அதற்கு உள்ள உறவும் மறைவானதன்று. நற்காட்சியைக் கெடுக்கும் எட்டு மதங்களுள் உடல் மதமும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. அதற்குச் சனத்குமார சக்கரவர்த்தியின் வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவருடைய அழகைக் காணத் தேவர்கள் வந்தார்கள். அணி எதுவும் இன்றி எளிய நிலையில் இருந்தபோதே கண்டு வியந்தார்கள். அவரோ, ‘இப்போது பார்த்தது போதாது, நான் அலங்கரித்துக்கொண்டு அரியணையில் அமர்ந்த பின் வந்து பாருங்கள்’ என்றார். அவ்வாறே வந்து பார்த்தவர்கள், அழகு குறையத் தொடங்கிவிட்டது என்று கூறிச் சென்றார்கள். துறவு பூண்டபின் கொடிய நோய்கள் அவ்வுடலைப் பற்றின. மருத்துவராக வேடம் பூண்டு வந்த தேவனிடம், ‘பிறவி நோயைத் தீர்ப்பாயா?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார். இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உடலின் நிலையாமையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, அலங்கரித்துக்கொண்ட பின் வந்து பாருங்கள் என்ற அந்த அழைப்புத்தான் கதையின் உயிராகத் தோன்றுகிறது. ‘நான் எப்படித் தோன்றுகிறேன்?’ என்ற வினாவே அங்கும் இங்கும். சக்கரவர்த்திக்கு விடை இனிப்பாக இருந்தது. தடுமாறி நடக்கும் பெண்ணுக்கு விடை கசக்கிறது. சுவைதான் வேறு, நோக்கும் கண்ணாடி ஒன்றே.

இங்கே ஒரு தடை எழும். நோயால் வாடுகிறவளைப் பார்த்து, ‘உன் நாணமும் ஒருவகைச் செருக்கு’ என்று சொல்வது இரக்கமற்ற செயல் அல்லவா? ஏற்கெனவே நொந்தவள் தலையில் இன்னொரு குற்றத்தையும் சுமத்தலாமா? இத்தடை நியாயமானது. அவளிடம் நான் அப்படிச் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டிய முறை வேறு. அதற்கு வினைக்கோட்பாட்டையே துணைகொள்ள வேண்டும்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ‘எல்லாம் முன்வினை’ என்று பெருமூச்சு விட்டுப் போகிறார்கள். சொன்னது தத்துவம் என்று அவர்கள் எண்ணம். கேட்டவளுக்கோ அது தீர்ப்பாக விழுகிறது. வேதனை என்பது அசாதா வேதநீயத்தின் உதயம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேதநீயம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? எட்டு வினைகளுள் நான்கு காதி வினைகள். அவை ஆன்மாவின் இயல்பான குணங்களையே கெடுப்பவை. நான்கு அகாதி வினைகள்; அவை உடல், ஆயுள், குலம், இன்பதுன்பம் ஆகிய புறச்சூழலைத் தருபவை; உயிரின் குணத்தைக் கெடுக்க வல்லவை அல்ல. வேதநீயம் அகாதி. ஜுகுப்ஸை அடங்கிய மோகநீயமோ காதி, காதிகளுள்ளும் தலைமையானது. கால் மரத்துப் போனதால் அறியும் தன்மையும் காணும் தன்மையும் உடைய உயிருக்கு ஒரு குறையும் நேரவில்லை. கால் மரத்ததை எண்ணி நாணும்போதுதான் உயிரின் இயல்பில் மாசு படிகிறது. நாம் என்ன செய்கிறோம்? அகாதியைக் கண்டு ஒப்பாரி வைக்கிறோம். காதிக்கு நாள்தோறும் பாலூட்டி வளர்க்கிறோம். நோயாளி மட்டும் அல்லர். ‘முன்வினை’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் அதைத்தான் செய்கிறார்.

இவ்வேறுபாட்டை அவளுக்கு ஒரு தாளில் இரண்டு பத்தியாக வரைந்து காட்டினேன். (ஆசிரியையின் பழக்கம் எளிதில் போகாது.) ‘நோய்’ என்ற தலைப்பின் கீழ் கால், கண், களைப்பு ஆகியவற்றை எழுதினாள், அவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. ‘நாணம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதியவை: திரும்பிப் பார்த்தல், மூட்டுவலி என்று சொல்லுதல், திருமணங்களுக்குப் போகாமை, கதவுக்குப் பின்னுள்ள தடி. இவற்றுக்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது. ஆனால் இவை மாற்ற முடியாதவையும் அல்ல. அடுத்த திங்கட்கிழமை தடியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அன்று நிகழ்ந்தது எனக்கும் புதிய பாடம். தடி இல்லாதபோது முறைத்துப் பார்த்தவர்கள், தடியைக் கண்டதும் வழிவிட்டார்கள். குடித்தவள், விந்தையானவள் என்றெல்லாம் எண்ண இருந்த இடத்தில், உடல்நலம் குன்றியவள் என்ற ஒரே எண்ணம் நின்றது. மகளிர் பெட்டியில் மூதாட்டி ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லாமல் அவள் சினம் கொண்டாள்! ‘என்னைவிட இருபது வயது மூத்தவர் எனக்காக எழுவதா?’ என்று மாலையில் வந்து அழுதாள். இகழ்ச்சியைத் தாங்கப் பழகியவளுக்கு இரக்கத்தைத் தாங்க இன்னும் சில மாதங்கள் பிடித்தன. தன்னம்பிக்கை என்று மேடைகளில் பேசுகிறார்களே, அது ஒரே நாளில் நிமிர்ந்து நடப்பது அன்று. பிறர் கையைப் பற்றிக்கொள்வதில் இழிவு இல்லை என்று ஒப்புக்கொள்வதும் அதில் அடக்கம். என் கணிப்பில் அதுவே கடினமான பகுதி.

இனி, நோயை வெளியே சொல்ல வேண்டுமா என்ற வினா. வாய்மை விரதம் உடையவர் மூட்டுவலி என்று சொன்னது பொய்தானே என்று கேட்கலாம். அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினராக இருந்த பார்பரா ஜோர்டன் என்னும் கறுப்பின அம்மையாருக்கு 1973-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை மாதம், நிக்சன் மீதான குற்றச்சாட்டை ஆராய்ந்த குழுவில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் கேட்கப்பட்டது. அரசியலில் இருந்த காலத்தில் நோயின் பெயரை அவர் ஊரறியச் சொல்லவில்லை. 1979 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1992-இல் தம் கட்சியின் தேசிய மாநாட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சிறப்புரை ஆற்றினார், 1996-இல் மறைந்தார். மறைத்தவர் என்று அவரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. கறுப்பினத்தவர், பெண் என்ற இரண்டு பார்வைகளையும் தாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைச் சுமக்க அவர் விரும்பாதிருந்திருக்கலாம். சொல்லாமை வேறு, பொய் வேறு. நம் உடல்நிலை நம்முடையது. கேட்பவர் அனைவருக்கும் கணக்குக் கொடுக்கும் கடமை நமக்கு இல்லை. ‘உடல்நலம் சரியில்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அது முழு உண்மை. ஆனால் மறைப்பதற்காக ஒரு பொய்யைக் கட்டி, அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்றைக் கட்டும் நிலை வந்தால், அந்தச் சுமை நோயின் சுமையைவிடப் பெரிதாகிவிடும்.

திருமணத்தில் மட்டும் என் கருத்து உறுதியானது. நம்முடையது சிறிய சமூகம். வந்தவாசியில் தும்மினால் சென்னையில் கேட்கும். தங்கையின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அக்காளின் நோயை அறைக்குள் பூட்டி வைக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். தங்கைக்காக அக்காளை ஒளித்து வைக்க வேண்டிய மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. நோயுள்ள பெண்ணுக்கோ பிள்ளைக்கோ திருமணம் பேசினால், நிச்சயத்துக்கு முன் மணக்கப்போகும் அவ்விருவருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரையும் அவர்கள் சேர்ந்தே சென்று பார்க்க வேண்டும். இந்நோயுள்ள பெண்கள் மருத்துவரின் மேற்பார்வையில் கருவுற்று நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். அறிந்து கொள்பவர் உறவு நிலைக்கும். கேட்டு விலகுபவர் விலகட்டும்; தாலி ஏறிய பின் விலகுவதைவிட அது நல்லது. ஆனால் விலகியவர் அச்செய்தியைப் பத்து வீட்டுக்குச் சொல்வாரானால், அவர் உபகூஹனம் என்னும் நற்காட்சி அங்கத்தை முறித்தவர் ஆவார். பிறர் குறையையே மூடச் சொல்கிறது அந்த அங்கம். நோய் குறைகூட அன்று.

இதுவரை நோயுற்றவர் பக்கம் நின்று பேசினேன். பார்க்கிறவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அருங்கலச்செப்பு நற்காட்சியின் அங்கங்களுள் மூன்றாவதாகக் கூறும் உவர்ப்பின்மைக்கு உத்தாயண மன்னனே சான்றாகச் சொல்லப்படுபவன். தொழுநோய் கொண்ட முனிவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து, உண்டதை எல்லாம் நாற்றம் வீச உமிழ்ந்தான். மன்னனும் அரசியும் விலகவில்லை. தாங்கள் அளித்த உணவில்தான் பிழை இருந்ததோ என்று வருந்தி, அவ்வுடலைக் கழுவித் துடைத்தார்கள். இக்கதையில் மன்னன் கேளாத கேள்விகளையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ‘எத்தனை நாளாக இப்படி? எந்த மருத்துவர்? உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது?’ என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தான்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒன்று கற்பித்தார்கள். திக்கிப் பேசும் பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால், ஆசிரியர் அச்சொல்லை முடித்துவைக்கக் கூடாது. முகத்தில் பொறுமையின்மையும் தெரியக் கூடாது. தெரிந்தால் வகுப்பின் நாற்பது கண்களும் ஆசிரியரின் கண்ணைப் பின்பற்றும். தடுமாறி நடப்பவர்க்கும் அதுவே பொருந்தும். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அப்படிப் பிடிப்பதாலேயே நிலைகுலைந்து விழுபவர் உண்டு. ‘கை கொடுக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் உடன் நடந்து போனால் போதும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களுக்கு இது மிக முக்கியம். உடற்சூடு சிறிதளவு ஏறினாலும் இந்நோயாளரின் கண்ணும் காலும் சிறிது நேரம் மேலும் தளர்ந்துவிடும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் இதனை 1890-இல் எழுதினார். சூடு தணிந்ததும் பழைய நிலை திரும்பும். காலை ஏழு மணிக்கு நேராக நடந்தவள், சித்திரை மாதத்து நண்பகலில் தள்ளாடினால் அது நடிப்பு அன்று. நம் விழாக்களின் அபிடேகமும் உபந்நியாசமும் உச்சிவெயில் வரை நீள்கின்றன. நீளட்டும், நிழலில் சாய்வு நாற்காலி இரண்டு போடுவதற்கு எந்த ஆகமத்தில் தடை உள்ளது? தரையில் விழுந்து வணங்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து கை கூப்பினால், பின்னாலிருந்து கிசுகிசுப்பவர்கள் பதினாறு பாவனைகளை நினைவுகூர வேண்டும். தீர்த்தங்கரப் பதத்துக்குக் காரணமாகிய அவற்றுள் தியாகமும் தவமும் சக்திக்கு ஏற்றவையாகவே வைக்கப்பட்டுள்ளன. தசலட்சண பர்வத்தில் பத்து நாளும் உண்ணாதிருக்க முடியவில்லையே என்று குன்றிப்போகும் நோயாளிக்கு அந்த ‘சக்திக்கு ஏற்ப’ என்ற சொல்லைவிடப் பெரிய ஆறுதலை நான் அறியேன்.

அதற்கும் மேலே செல்லும் ஒரு வரலாறு ஆசாரியர் சமந்தபத்திரருடையது. காஞ்சியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அப்பெருமானைப் பஸ்மகம் என்னும் தணியாப் பசிநோய் பற்றியது என்பது வழிவழியாக வரும் செய்தி. துறவியின் உணவு நெறியோடு அந்நோய் ஒத்துவராது. சல்லேகனை ஏற்க அனுமதி வேண்டினார். குருவோ மறுத்து, வேடத்தை நீக்கி, வேண்டும் உணவை உண்டு, நோய் தீர்ந்தபின் மீண்டும் தீக்கை பெறுமாறு பணித்தார். நோயோடு வாழ்வதைவிட முடித்துக்கொள்வது மேல் என்று சோர்ந்து பேசுபவர் வீட்டில் இருந்தால் இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். மற்றவர் என்ன நினைப்பார் என்று அந்த ஆசாரியர் தயங்கியிருந்தால், நம் இல்லறத்தார்க்கு வழிகாட்டும் இரத்தினகரண்டக சிராவகாசாரம் நமக்குக் கிடைத்திருக்குமா?

நாணத்தை விட்ட ஒருவரால் பலர் பயனடைந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையில் இந்நோயோடு வாழ்ந்த ரஹ்மத் ஃபசல்பாய் என்னும் அம்மையார், 1985-இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆப் இந்தியா என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதன் கிளை சென்னையிலும் உண்டு. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் இருந்தவை ஏழு பிரிவுகள். இந்நோயின் பெயர் அவற்றில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவுகளை இருபத்தொன்றாக விரித்தபோது இந்நோயும் பெயரோடு இடம்பெற்றது. தங்கள் நோய்க்குப் பெயர் உண்டு என்று வெளியே வந்து சொன்னவர்கள் இல்லையேல், சட்டத்தின் ஏட்டில் அப்பெயர் ஏறியிராது. என் மாணவிக்கும் அச்சட்டத்தின்படி மருத்துவக் குழு சான்று அளித்து, அடையாள அட்டை வந்தது. அட்டை கைக்கு வந்த நாளில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “புகைப்படம் நன்றாக விழவில்லை டீச்சர்” என்று சிரித்தாள்.

எங்கள் பகுதி மகளிர் கூட்டத்தில் இந்நோயைப் பற்றி அவளே பேச வேண்டும் என்று சென்ற பங்குனியில் கேட்டார்கள். வெயில் காலத்தில் வர இயலாது, கூட்டம் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும், கழிப்பறை அருகில் இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளைத் தொலைபேசியில் கூசாமல் சொன்னாள். மார்கழியில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.